திருமலையில இருந்து ஒரு இசைத்தட்டு

இலங்கைத் தமிழ்ப் பொப் பாட்டு என்றதும் எங்கட வயசுக்காரர் முதல்ல சொல்லுறது ‘சுராங்கனி’, அடுத்தது ‘சின்ன மாமியே’. ஏ. ஈ. மனோகரனையும் நித்தி கனகரத்தினத்தையும் கலியாண வீடுகள் இன்னும் மறக்கேல்லை. ‘உனக்குத் தெரியுமா’ என்ற பாட்டைக் கேட்டால்தான் எங்கட செட்டுக்குள்ளேயே பலர் முழிக்கினம். ஆனால் இலங்கையில் வெளிவந்த முதல் தமிழ்ப் பொப் இசைத்தட்டு என்று பழைய ரசிகர்கள் சொல்லுறது அதைத்தான்.

அதைத் தந்தவர்கள் திருகோணமலைச் சகோதரர்கள் பரமேஸும் கோணேஸும். கோணேஸ் என்ற பேரே ஊரைச் சொல்லிவிடும். 1957 வரை பிரித்தானியக் கடற்படைத் தளமாக இருந்த துறைமுகப் பட்டினம் அது. கொழும்பும் இல்லை, யாழ்ப்பாணமும் இல்லை. அங்கிருந்து கிளம்பிய ஒரு காதல் பாட்டு இசைத்தட்டாகி ஐம்பது வருஷத்துக்கு மேலாகிவிட்டது.

இசைத்தட்டு என்றால் அப்ப என்ன பெரிய விஷயம்? வானொலியில் போகும் பாட்டு காற்றோடு போய்விடும். அதன் ஒலிநாடா நிலையத்துக்குள்ளேயே இருக்கும். தட்டு அப்படியில்லை. காசு கொடுத்து வாங்கலாம், வீட்டில் வைக்கலாம், விரும்பின நேரம் போடலாம். ஏழு அங்குலத் தட்டு, நிமிஷத்துக்கு 45 சுற்று, ஒரு பக்கத்துக்கு மூன்று நாலு நிமிஷம். அந்தச் சின்ன இடத்தைப் பிடிக்கத் தென்னிந்திய சினிமாப் பாட்டோடு போட்டி போட வேண்டும். எங்கட ஆக்கள் காசு கொடுத்து எங்கட பாட்டை வாங்குவினமா என்ற கேள்விக்கு அதுவரை பதில் இல்லை.

காலமும் ஒரு பக்கம் கை கொடுத்தது. 1970இல் வந்த அரசு இறக்குமதியை இறுக்கியது. தென்னிந்தியச் சஞ்சிகைகளுக்கும் படங்களுக்கும் கட்டுப்பாடு வந்தது. உள்ளூர் எழுத்துக்கும் பாட்டுக்கும் இடம் கிடைத்தது. வானொலியில் எஸ். கே. பரராஜசிங்கம் போன்றவர்கள் ஈழத்து மெல்லிசையை வளர்த்தார்கள். 1977க்குப் பிறகு கதவு திறந்தது, கசெற் வந்தது, சினிமாப் பாட்டு திரும்பவும் வெள்ளமாகப் பாய்ந்தது. பிறகு 1983. வீடுகள் எரிந்தபோது அலுமாரிகளும் எரிந்தன. தட்டுகள் மட்டும் தப்புமா?

பாட்டு இன்றைக்கும் இணையத்தில் கிடைக்குது. ஆனால் அது மட்டும் போதாது. கிற்றார் வாசித்தது யார், எந்தக் கலையகம் என்ற விவரங்களைத் தட்டின் நடுவில் ஒட்டிய தாளும் உறையும்தான் சொல்லும். 2005இல் தொடங்கிய நூலகம் நிறுவனம் எங்கட புத்தகங்களையும் ஒலிப்பதிவுகளையும் எண்ணிமப்படுத்தி வருகுது. அதுக்கு யாராவது தட்டைக் கொண்டுபோய்க் கொடுக்க வேணும்.

அம்மம்மா வீட்டுப் பரணில் பழைய தட்டுகள் கிடந்தால் பழைய இரும்புக்காரருக்குப் போட்டுவிடாதேங்கோ. முதலில் இரண்டு பக்கத்தையும் படம் எடுங்கோ. பிறகு, அதை வாங்கினவர் உயிரோடு இருந்தால், பக்கத்தில் இருந்து கதை கேளுங்கோ.