திருக்கையின் பலமும் கேனரியின் பலவீனமும்

ரோமாபுரி மருத்துவர் ஸ்கிரிபோனியஸ் லார்கஸ், கி.பி. முதல் நூற்றாண்டில் எழுதிவைத்த வைத்தியக் குறிப்புகளில் கவுட் வாதத்துக்கு ஒரு வழி சொல்கிறார். வலி கண்டதும் ஈரக் கடற்கரையில் நின்று, உயிருள்ள மின்திருக்கையைக் காலடியில் வைத்துக்கொள்ள வேண்டும். முழங்கால்வரை மரத்துப்போகும் மட்டும் விலகக் கூடாது. தீராத தலைவலிக்கும் அதே மீன்தான்.

மரத்துப்போகச் செய்வது மின்சாரம்தான் என்று காட்டப் பதினெட்டாம் நூற்றாண்டு ஆனது. 1772இல் பிரிட்டிஷ் அறிவியலாளர் ஜான் வால்ஷ் பிரான்சின் லா ரொஷேல் துறைமுகத்தில் சோதித்தபோது, மீனின் முதுகையும் வயிற்றையும் இணைத்த மனிதச் சங்கிலி முழுவதும் ஒரே சமயத்தில் அதிர்ந்தது. உடற்கூறியல் அறிஞர் ஜான் ஹண்டர் மீனை அறுத்துப் பார்த்தார். தலையின் இருபக்கமும் தேனடைபோல நெருக்கமான தூண்கள். ஓர் உறுப்பில் மட்டும் 470 எண்ணினார். ஒவ்வொரு தூணும் மெல்லிய தட்டுகளின் அடுக்கு. 1800இல் உலோகத் தகடுகளை மாற்றி மாற்றி அடுக்கி முதல் மின்கலத்தை உருவாக்கிய வோல்ட்டா, அதைச் ‘செயற்கை மின் உறுப்பு’ என்றே அழைத்தார்.

திருக்கையிடம் மனிதர்கள் தேடியது அதன் பலத்தை. கேனரிக் குருவியிடம் தேடியதோ பலவீனத்தை.

1896இல் வேல்ஸ் நாட்டின் டைலர்ஸ்டவுன் நிலக்கரிச் சுரங்கம் வெடித்து 57 பேர் இறந்தார்கள். உடல்களை ஆராய்ந்த உடலியல் அறிஞர் ஜான் ஸ்காட் ஹால்டேன், பெரும்பாலோரைக் கொன்றது வெடிப்பல்ல, அதன்பின் பரவிய கார்பன் மோனாக்சைடு என்று கண்டார். அந்த வாயுவுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. வேகமாக மூச்சுவிடும் சிற்றுயிரை அது மனிதனுக்கு முன்பே வீழ்த்தும் என்பதால், சுண்டெலியையோ குருவியையோ உடன் கொண்டுபோகச் சொன்னார். இருட்டில் எலி சுருண்டு கிடப்பதைவிட, கேனரி கூண்டுக் குச்சியிலிருந்து விழுவது சட்டெனத் தெரியும். அதனால் கேனரியே நிலைத்தது.

மீட்புக் குழுவினரின் கூண்டு ஒன்றைப் பார்த்தால் மனம் நெகிழும். முன்பக்கம் வட்டமான கம்பிக் கதவு, மேலே கைப்பிடிபோலச் சிறிய ஆக்சிஜன் உருளை. குருவி மயங்கியதும் கதவை மூடி வால்வைத் திறந்தால் அது மூச்சுப் பிடித்து எழுந்துவிடும். ஆபத்துக்கு முன்னே நிறுத்திய உயிரைக் காப்பாற்றவும் அதே தொழில் வழி தேடியது. இந்த அக்கறை திருக்கைக்கு ஒருநாளும் கிடைத்ததில்லை.

1986இல் பிரிட்டன் 200-க்கும் மேற்பட்ட கேனரிகளுக்கு ஓய்வு கொடுத்து, கையடக்க மின்னணுக் கருவிகளைக் கொண்டுவந்தது. கருவி செலவைக் குறைத்தது, வாயுவின் அளவை எண்ணாகவும் காட்டியது. என்றாலும் குருவிகளோடு விசிலடித்துப் பேசிப் பழகிய தொழிலாளர்களுக்கு அந்தப் பிரிவு வருத்தமாகவே இருந்தது.