லெட்ஜர் எழுதிய மெஷின்

திருத்தணியில் பஸ் ஏறினால் அரை மணி நேரத்தில் நகரி. 1960-இல் எல்லையைத் திருத்தியபோது திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தது, நகரி ஆந்திராவிலேயே நின்றுவிட்டது. கொடுக்கல் வாங்கல் நிற்கவில்லை. ஆனால் நகரிக் கிளையின் செக்கைத் திருத்தணியில் போட்டால் அது 'வெளியூர் செக்'. (மாநிலம் வேறு என்பதால் இல்லை, ஊர் வேறு என்றாலே போதும்.) தபாலில் போய், அங்கே லெட்ஜரில் கழித்து, தகவல் திரும்பி வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

1969-இல் 14 வங்கிகள் நாட்டுடைமையான பிறகு கிளைகள் பெருகிக்கொண்டே போயின. கணக்கு எழுதியது மட்டும் கைதான். ஒரு கிளைக்கும் இன்னொரு கிளைக்கும் இடையிலான வரவு செலவு மாதக்கணக்கில் டேலி ஆகாமல் கிடந்தது. மோசடிக்கு அதைவிடத் தோதான இடம் ஏது?

இந்தச் சிக்கல் வந்து சேர்ந்தது சி. ரங்கராஜனிடம். அரியலூரில் 1932-இல் பிறந்தவர், பொருளாதாரப் பேராசிரியர், 1982-இல் ரிசர்வ் வங்கியின் துணை கவர்னர் ஆனவர். கம்ப்யூட்டர் ஆள் கிடையாது. இந்திய வங்கித் தொழில்நுட்பத்தின் வரலாற்றில் முதலில் சொல்ல வேண்டிய பெயர் அவருடையதுதான் என்பேன்.

அவர் தலைமையிலான குழு 1984-இல் கொடுத்த அறிக்கையின் தலைப்பில் 'கம்ப்யூட்டர்' என்ற சொல்லே இல்லை. 'இயந்திரமயமாக்கல்' என்றுதான் இருந்தது. காரணம் ஊகிக்கக் கூடியதுதான். 1960-களில் கல்கத்தாவில் எல்ஐசி கம்ப்யூட்டர் கொண்டுவரப் பார்த்து, ஊழியர்களின் எதிர்ப்பில் வருடக்கணக்கில் மாட்டிக்கொண்டது. வங்கிகளிலும் தொழிற்சங்கங்களோடு 1983-இல் ஒப்பந்தம் போட்ட பிறகுதான் மெஷின் உள்ளே நுழைய முடிந்தது, அதுவும் அளவோடு.

அப்படி வந்ததுதான் 'அட்வான்ஸ்டு லெட்ஜர் போஸ்டிங் மெஷின்'. பெயரைக் கேட்டால் டைப்ரைட்டரின் தம்பி மாதிரி இருக்கும். உள்ளே இருந்தது மைக்ரோபிராசசர். கம்ப்யூட்டரைக் கம்ப்யூட்டர் என்று சொல்லாமல் கிளைக்குள் உட்கார வைத்தார்கள். இதை ஏமாற்று வேலை என்று சொல்ல எனக்கு மனமில்லை. இரண்டு தரப்புக்கும் அது என்னவென்று தெரியும், முகம் காக்க ஒரு பெயர் தேவைப்பட்டது.

ஆனால் ஒரு கிளையின் மெஷின் இன்னொரு கிளையின் மெஷினோடு பேசாது. நகரிச் செக் தபாலிலேயே போய்க்கொண்டிருந்தது.

ரங்கராஜனின் இரண்டாவது குழு 1989-இல் அறிக்கை தந்தபோது தலைப்பிலேயே 'கணினிமயமாக்கல்' என்று போட முடிந்தது. ஒரு சொல்லுக்கு ஐந்து வருஷம்! பிறகு 1992 முதல் 1997 வரை கவர்னர். ஹைதராபாத்தில் வங்கித் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம் (ஐடிஆர்பிடி) 1996-இல் வந்தது அவர் காலத்தில்தான். வேகம் கூட்டியவர் இன்னொருவர். மத்திய கண்காணிப்பு ஆணையர் என். விட்டல், மோசடியைத் தடுக்கவென்று, 2001 ஜனவரிக்குள் வங்கிகள் 70 சதவீத வணிகத்தைக் கணினிக்கு மாற்றியாக வேண்டும் என்றார். 2004-இல் ஆர்டிஜிஎஸ், 2005-இல் என்இஎஃப்டி. நகரிப் பணம் தபாலை விட்டு இறங்கியது.

சங்கங்கள் பயந்தது வீண் என்று இன்று சிரிப்பது சுலபம். 2000-01-இல் அரசு வங்கிகள் விருப்ப ஓய்வுத் திட்டம் கொண்டுவந்தபோது சுமார் 1 லட்சம் பேர் வெளியே போனார்கள். 15 வருட சர்வீஸ் இருந்தால் விண்ணப்பிக்கலாம். ஒப்பந்தம் போட்ட 1983-இல் கிளார்க்காகச் சேர்ந்தவருக்கு அப்போது 17 வருடம் ஆகியிருக்கும்.