தேயிலையில் பூச்சிமருந்து எச்சம்: ஐரோப்பிய வரம்பை நிர்ணயிப்பது யார்?

கிளென்மார்கன், சோலூர் பகுதிகளில் பறிக்கும் பச்சைத் தேயிலை தூளாகி ஐரோப்பாவுக்குச் செல்ல வேண்டுமானால், பூச்சிமருந்து எச்சம் அங்குள்ள வரம்புக்குள் இருக்க வேண்டும். ‘எம்.ஆர்.எல்.’ எனப்படும் இந்த அதிகபட்ச எச்ச அளவு எப்படி முடிவாகிறது என்று தெரிந்தால், விவசாயிகள் முன்கூட்டியே தயாராகலாம்.

சட்டமும் குழுவும்

ஐரோப்பிய ஒன்றியத்தின் 27 நாடுகளுக்கும் பொதுவான எச்ச வரம்புச் சட்டம் 396/2005. மருந்துவாரியான அளவுகளை நாடாளுமன்றம் ஒவ்வொன்றாக விவாதிப்பதில்லை. அந்த வேலை இப்படி நடக்கிறது:

1. இத்தாலியின் பார்மா நகரிலுள்ள ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு முகமை அறிவியல் கருத்தைத் தருகிறது.

2. ஐரோப்பிய ஆணையம் வரைவு விதியைத் தயாரிக்கிறது.

3. உறுப்பு நாடுகளின் பிரதிநிதிகள் அடங்கிய நிலைக்குழு வாக்களிக்கிறது. ஆணையம் தலைமை தாங்கினாலும் அதற்கு வாக்கு இல்லை. குறைந்தது 15 நாடுகளும், அவற்றில் ஒன்றிய மக்கள்தொகையில் 65 சதவீதமும் ஆதரித்தால் குழுவின் ஒப்புதல் கிடைக்கும்.

4. நாடாளுமன்றமும் அமைச்சர்கள் மன்றமும் பரிசீலித்து, ஆட்சேபம் இல்லையெனில் விதி வெளியாகும்.

வரம்பு தனியாகக் குறிப்பிடப்படாத மருந்துக்குப் பொதுவாகக் கிலோவுக்கு 0.01 மில்லிகிராம்தான் அனுமதி.

தேயிலைக்கு வந்த மாற்றம்

தேயிலைக் கொசுவுக்கு நம் நாட்டில் பரிந்துரையுள்ள மருந்துகளில் தயாமீதாக்சம், குளோத்தியானிடின் இரண்டும் உண்டு. ஐரோப்பாவில் தேயிலைக்கு இவற்றின் வரம்பு கிலோவுக்கு முறையே 20, 0.7 மில்லிகிராமாக இருந்தது. தேனீக்களுக்கு ஆபத்து என்பதால் இரண்டையும் 0.05 ஆகக் குறைக்கும் வரைவை நிலைக்குழு 2022-ல் ஏற்றது. 2023 பிப்ரவரியில் 2023/334 என்ற எண்ணில் விதி வெளியானது. 2026 மார்ச் 7 முதல் பொருந்தும். தயாமீதாக்சத்துக்கு இது 400 மடங்கு குறைப்பு. இடையில் கிடைத்த மூன்று ஆண்டுகள் மாற்றுமுறைக்கு மாறுவதற்கான அவகாசம்.

நீங்கள் செய்ய வேண்டியவை

• மருந்தின் வணிகப் பெயரை மட்டும் பார்க்காமல், லேபிளில் உள்ள மூலப்பொருளைப் படியுங்கள். கலவை மருந்துகளிலும் தயாமீதாக்சம் இருக்கும். அது சிதைந்து குளோத்தியானிடினாகவும் மாறும்.

• கேரட், உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸுக்கு வாங்கிய மருந்தைத் தேயிலைக்கு அடிக்காதீர்கள். தெளிப்பானைக் கழுவாமல் தேயிலைக்குப் பயன்படுத்த வேண்டாம்.

• தேயிலை வாரியத்தின் பயிர் பாதுகாப்புக் குறியீட்டில் உள்ள மருந்துகளை மட்டுமே பயன்படுத்துங்கள். பட்டியல் மாறக்கூடும் என்பதால் ஒவ்வொரு முறையும் புதிய பதிப்பைப் பாருங்கள்.

• கொசு தாக்கிய கொழுந்துகளைப் பறித்து அழியுங்கள், களைகளை அகற்றுங்கள். தெளிப்பதானால் காலையிலோ மாலையிலோ தெளியுங்கள்.

• தெளித்த நாள், மருந்து, அளவு, பறித்த நாள் ஆகியவற்றைக் குறித்து வையுங்கள்.

தொழிற்சாலையில் பலரது இலையும் ஒன்றாகக் கலக்கிறது. ஒருவர் அடித்த மருந்தால் எல்லோருடைய தூளும் நிராகரிக்கப்படலாம். ஆகவே பக்கத்துத் தோட்டக்காரரிடமும் இதைச் சொல்லுங்கள்.