ஐந்நூறு பிரதியா, ஒரே பிரதியா? நூல் அச்சிடும் செலவின் கதை



உங்கள் பள்ளியில் பயிற்சி நூலோ சிறுகதைத் தொகுப்போ எழுதி முடித்து வைத்திருக்கும் ஓர் ஆசிரியராவது கட்டாயம் இருப்பார். "எப்ப சார் புத்தகமா வரும்?" என்று கேட்டுப் பாருங்கள். "அச்சுக்குப் பணம் சேரட்டும்" என்பார். இந்தப் பதில் புதிதல்ல. தமிழில் அச்சு நூல் தொடங்கிய நாளிலிருந்தே எழுதுவது ஒரு பாடு, அச்சிடும் செலவை யார் தாங்குவது என்பது இன்னொரு பாடு. அந்தச் செலவு யார் யார் தலையில் விழுந்தது, இப்போது எங்கே வந்து நிற்கிறது, இன்று ஒருவர் பிரிண்ட் ஆன் டிமாண்ட் சேவையைத் தேர்ந்தெடுக்கும்போது இந்த வரலாறு எப்படிக் கைகொடுக்கும் என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம். மாணவர்கள் இதைக் காரணம், விளைவு என்ற கோணத்தில் படித்துக்கொள்ளுங்கள்; தொழில்நுட்ப மாற்றம் பற்றிய கட்டுரைக்கு உதவும்.

1578இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' அச்சானது. போர்த்துகீசிய மொழியிலிருந்து அண்டிரிக் அடிகளார் மொழிபெயர்த்த சமய நூல். மொத்தம் 16 பக்கந்தான். அந்த அச்சுப் பணிக்குப் பணம் கொடுத்தவர்களில் முத்துக்குளித்துறைப் பரதவர்கள் உண்டு. கடலில் மூழ்கி முத்தெடுத்தவர்கள் காசு போட்டுத்தான் தமிழ் எழுத்து அச்சேறியது. பலர் சேர்ந்து செலவைத் தாங்குவது நம் அச்சு வரலாற்றின் முதல் பக்கத்திலேயே இருக்கிறது.

அடுத்துத் தரங்கம்பாடி. சீகன்பால்குவின் அச்சுக்கூடத்துக்கு ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்த்த தமிழ் எழுத்துகள் 1713இல் வந்து சேர்ந்தன. ஆனால் எழுத்து பெரிது. எழுத்து பெரிதானால் பக்கம் கூடும், பக்கம் கூடினால் காகிதம் கூடும். காகிதமோ கப்பலில் வர வேண்டும். ஆகவே பக்கத்திலிருந்த பொறையாற்றில் சிறிய எழுத்துகளை வார்த்தார்கள். 1715இல் புதிய ஏற்பாடு முழுமையாக அச்சாகி முடிந்தது. எழுத்தின் அளவை மொழியின் அழகு தீர்மானிக்கவில்லை, காகிதக் கணக்குத் தீர்மானித்தது. இன்று எழுத்துருவைப் 12 புள்ளியிலிருந்து 11க்குக் குறைத்துப் பக்கத்தை மிச்சப்படுத்துகிறோமே, அதே வேலைதான்.

1835க்குப் பிறகு இந்தியர்கள் தடையில்லாமல் அச்சகம் வைக்க முடிந்தது. சிங்கப்பூரில் 1872இல் 'முனாஜாத்துத் திரட்டு' வெளிவந்தது. 1887இல் மகுதூம் சாயபு 'சிங்கை நேசன்' வார இதழைத் தொடங்கினார். 1890 வரை நடந்தது. அதே 1887இல் யாழ்ப்பாணத்துச் சதாசிவ பண்டிதரின் 'சிங்கை நகர் அந்தாதி'யும் சிங்கப்பூரில் அச்சானது.

அந்த 1887ஆம் ஆண்டிலேயே கொஞ்சம் நிற்போம். கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்த உ.வே.சாமிநாதையர் 'சீவக சிந்தாமணி'யைப் பதிப்பித்து வெளியிட்ட ஆண்டும் அதுதான். ஆசிரியர்களே, இதைக் கவனியுங்கள். மாதச் சம்பளக்காரர் ஒருவர், விடுமுறை கிடைத்தபோது சென்னைக்குப் போய்ப் புரூஃப் பார்த்து, கையிலே போதிய காசில்லாமல் அவ்வளவு பெரிய நூலைக் கொண்டுவந்தார். எப்படி? கையொப்பம் வாங்கினார். நூல் வருவதற்கு முன்பே, "எனக்கு ஒரு பிரதி வேண்டும்" என்று பலரிடம் கையெழுத்தும் பணமும் பெற்றார். 'என் சரித்திர'த்தில் அந்த அலைச்சல் முழுக்கப் பதிவாகியிருக்கிறது. அதே ஆண்டு 'கலித்தொகை'யைப் பதிப்பித்த சி.வை.தாமோதரம் பிள்ளையும் தம் பதிப்புரைகளில் கைப்பணம் கரைந்ததைச் சொல்லி வருந்தியவர்.

கையொப்ப முறையில் ஒரு நுட்பம் இருக்கிறது. எத்தனை பிரதி தேவை என்று முன்கூட்டியே கொஞ்சமாவது தெரிந்துவிடும். நம் நாட்டு நூல் வெளியீட்டு விழாவில் "முதல் நூலைப் பெற்றுக்கொள்கிறார்" என்று ஒருவரை மேடைக்கு அழைத்து, உறையோடு வாங்க வைக்கிறோமே, அது இந்த முறையின் பேரப்பிள்ளை என்றுதான் நான் நினைக்கிறேன். ஒரு வேறுபாடு: அங்கே பணம் முன்னால் வந்தது, இங்கே அச்சடித்த பிறகு வருகிறது. வராமலும் போகிறது!

ஏன் எல்லாரும் 500, 1000 என்றே அச்சடித்தார்கள்? ஆசை மட்டும் காரணமில்லை. பொறியும் ஒரு காரணம். ஆஃப்செட் அச்சில் தகடு எடுக்க வேண்டும், எந்திரத்தில் ஏற்ற வேண்டும், மை சமமாக வரும்வரை தாள்களை ஓட்டிக் கழிக்க வேண்டும். ஒரு பிரதி அடித்தாலும் ஆயிரம் அடித்தாலும் இந்தச் செலவு மாறாது. கணக்குக்காக இப்படி வைத்துக்கொள்வோம்: தொடக்கச் செலவு 2,000 வெள்ளி, அதன்பின் பிரதிக்கு 5 வெள்ளி. 50 பிரதி அடித்தால் 2,250 வெள்ளி. ஒரு பிரதி 45 வெள்ளியில் வந்து நிற்கும். 500 அடித்தால் 4,500 வெள்ளி. ஒரு பிரதி 9 வெள்ளிதான். அச்சகக்காரர் "சேர்த்து அடிச்சிடுங்க சார், அதுதான் லாபம்" என்று சொல்வது பொய்யில்லை. ஆனால் அது அடித்த கணக்கு, விற்ற கணக்கு இல்லை. அந்த 500இல் 100தான் விற்றது என்றால் உங்கள் கையைவிட்டுப் போனது பிரதிக்கு 45 வெள்ளி.

இதை அனுபவித்துத்தான் எழுதுகிறேன். பல ஆண்டுகளுக்கு முன் என் முதல் கட்டுரைத் தொகுப்பை 500 பிரதி அடித்தேன். விழா நன்றாகவே நடந்தது. மீதிப் பெட்டிகள் சாமான் அறைக்குப் போயின. நம் ஊர் ஈரக்காற்றும் கரையானும் சேர்ந்து எத்தனை பிரதியைப் படித்து முடித்தன என்று கணக்குப் பார்க்க மனம் வரவில்லை.

இந்தச் சிக்கல் பெரிய பதிப்பகங்களுக்கும் இருந்தது. 1990இல் ஜெராக்ஸ் நிறுவனம் டாக்குடெக் எந்திரத்தை வெளியிட்டது. தகடு வேண்டாம், கணினிக் கோப்பிலிருந்து நேராகத் தாளுக்கு. முதல் பிரதிக்கும் நூறாவது பிரதிக்கும் ஒரே செலவு. 1997இல் அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் லா வெர்ன் என்ற ஊரில், நூல் மொத்த விற்பனை நிறுவனமான இங்கிராம் இதைத் தொழிலாக்கியது. லைட்னிங் பிரிண்ட் என்று பெயர். பின்னர் லைட்னிங் சோர்ஸ் ஆனது. யார் தொடங்கியது பாருங்கள். எழுத்தாளரும் இல்லை, அச்சகக்காரரும் இல்லை, கிடங்கு வைத்திருந்தவர். மெதுவாக விற்கும் புத்தகம் அலமாரியில் இடம் அடைத்துக்கொண்டிருப்பதன் வலி அவருக்குத்தான் தெரியும். இதைத் தேர்வில் காரணமாக எழுதலாம், மாணவர்களே.

2002இல் பாப் யங் லூலுவைத் தொடங்கினார். தனியாள் ஒருவர் கோப்பை ஏற்றிப் பிரதி வாங்கும் வழி அதன்மூலம் பரவலானது. 2005இல் அமேசான், புக்சர்ஜ், கஸ்டம்ஃபிளிக்ஸ் என்ற இரண்டு நிறுவனங்களை வாங்கியது. அவை பிறகு கிரியேட்ஸ்பேஸ் ஆகி, 2018இல் கே.டி.பி.யோடு கலந்தன. இந்தியாவில் 2008இல் பெங்களூரில் போத்தி.காம், 2012இல் சென்னையில் நோஷன் பிரஸ். இங்கிராம் 2013இல் தனி எழுத்தாளர்களுக்காக இங்கிராம்ஸ்பார்க்கைத் திறந்தது.

நடுவில் 2008இல் நடந்த ஒன்றைத் தாண்டிப் போகக் கூடாது. தன் தளத்தில் நேரடியாக விற்க வேண்டுமானால் தன்னுடைய புக்சர்ஜிலேயே அச்சடிக்க வேண்டும் என்று பிரிண்ட் ஆன் டிமாண்ட் பதிப்பாளர்களை அமேசான் நெருக்கியது. புக்லாக்கர் என்ற சிறிய பதிப்பகம் வழக்குப் போட்டது. 2010இல் சமரசமானது. கடையும் எந்திரமும் ஒரே கையில் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு இது சாட்சி. இன்றைக்கு நீங்கள் ஒரு சேவையில் சேரும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வியும் இங்கிருந்துதான் பிறக்கிறது: நாளைக்கு நான் வேறிடம் போக நினைத்தால் என்னால் போக முடியுமா?

அந்தக் கேள்வி பெரும்பாலும் ஐ.எஸ்.பி.என். எண்ணில் போய் நிற்கும். சில தளங்கள் இலவசமாக எண் தரும். இலவசம் என்றதும் வாங்கிவிடாதீர்கள். கே.டி.பி. தரும் இலவச எண்ணை வேறெங்கும் பயன்படுத்த முடியாது. பதிப்பாளர் பெயராக உங்கள் பெயரோ சங்கத்தின் பெயரோ வராது. மலேசியாவில் தேசிய நூலகமும் சிங்கப்பூரில் தேசிய நூலக வாரியமும் எண் வழங்குகின்றன. அங்கே உங்கள் பெயரிலேயே வாங்குங்கள். கூடவே கடமையும் உண்டு. மலேசியாவில் 1986ஆம் ஆண்டு நூலகப் பொருள் ஒப்படைப்புச் சட்டப்படி அச்சு நூலில் 5 பிரதி ஒப்படைக்க வேண்டும், சிங்கப்பூரில் 2 பிரதி. பிரதி பிரதியாக அச்சடிப்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். 30 பிரதி அடித்தாலும் அது நூல்தான்.

இரண்டாவது, நம் எழுத்து. இதில் நம்மவர்கள் பலர் சறுக்குகிறார்கள். யூனிகோடில் 'கெ' என்று நாம் பார்ப்பது உள்ளே ககரம் முதலில், கொம்பு பிறகு என்றுதான் சேமிக்கப்படும். கொம்பை முன்னால் கொண்டுவந்து காட்டுவது மென்பொருளின் வேலை. அந்த வேலை தெரியாத மென்பொருளில் பக்கம் அமைத்தால் கொம்பு பின்னால் போய் நிற்கும், இல்லாவிட்டால் ஒரு புள்ளி வட்டத்தின்மேல் தொங்கும். பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த கோப்பாக இருந்து, எழுத்துரு உட்பொதியாமல் போனால் தமிழே வராது. தலையில் கோடும் புள்ளியும் வைத்த ரோமன் எழுத்துகள் வரும். ஆகவே பி.டி.எஃப். கோப்பில் எழுத்துரு உட்பொதிந்திருக்கிறதா என்று பாருங்கள். பிறகு ஒரே ஒரு பிரதி வரவழைத்துக் கையில் வைத்துப் படியுங்கள். திரையில் பார்த்துவிட்டு நூறு பிரதிக்குச் சொல்லாதீர்கள். இன்னொன்று, எல்லாத் தளமும் தமிழ் அச்சு நூலை ஏற்பதில்லை. கே.டி.பி. தமிழ் மின்னூலுக்கு இடம் கொடுத்த பிறகும் தமிழ்த் தாள்நூலுக்கு அந்த வசதியைத் தரவில்லை. நூலை முடித்துவிட்டுப் போய்க் கதவைத் தட்டாமல், முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது தூரம். பிரதி எந்த ஊரில் அச்சாகிறது? அமெரிக்காவில் அச்சாகி ஈப்போவுக்கு வருகிற ஒற்றைப் பிரதிக்கு அஞ்சல் செலவு புத்தக விலையை விழுங்கிவிடும். வாசகர்கள் தமிழ்நாட்டில் இருந்தால் இந்தியச் சேவை, உள்ளூர் மாணவர்கள் என்றால் உள்ளூர் டிஜிட்டல் அச்சகம் என்று பிரித்துப் போடலாம். எண் உங்கள் பெயரில் இருந்தால் இரண்டும் சேர்ந்தே நடக்கும்.

சரி, பணம். முன்பு போட்ட கணக்கையே எடுங்கள். டிஜிட்டல் அச்சில் பிரதிக்கு 14 வெள்ளி என்று வைத்தால் 50 பிரதிக்கு 700 வெள்ளி, 500க்கு 7,000 வெள்ளி. இரண்டு முறையும் சமமாகும் இடம் ஏறக்குறைய 222 பிரதி. அதற்கு மேல் நிச்சயம் விற்கும் என்றால் ஆஃப்செட்டே மலிவு. பள்ளிகள் முன்பதிவு செய்த பயிற்சி நூலுக்கு ஆஃப்செட் போங்கள்; கவிதைத் தொகுப்புக்கு வேண்டாம் (கவிஞர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது). உங்கள் அச்சகம் சொல்லும் உண்மை விலையைப் போட்டு இந்தக் கணக்கை நீங்களே ஒருமுறை செய்து பாருங்கள், மாணவர்களையும் செய்ய வையுங்கள்.

'தொகுப்புக் கட்டணம்' கேட்கும் நிறுவனங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. உறை வடிவமைப்பு, பிழைதிருத்தம், விளம்பரம் என்று ஆயிரக்கணக்கில் முதலிலேயே வாங்கிக்கொள்வார்கள். எல்லாரும் ஏமாற்றுக்காரர்கள் அல்லர். ஆனால் வாசகர் வாங்குவதற்கு முன்பே அவர்களின் லாபம் கைக்கு வந்துவிட்டது என்பதை மறக்காதீர்கள். ஒப்பந்தத்தில் பதிப்புரிமை யாருக்கு, பக்கம் அமைத்த மூலக்கோப்பு யாருக்கு, ராயல்டி விற்பனை விலையிலா, அச்சுச் செலவு கழித்த மீதியிலா என்று பாருங்கள். என் நண்பர் ஒருவருக்கு மறுபதிப்பு வேண்டியிருந்தபோது மூலக்கோப்பைத் தர மறுத்துவிட்டார்கள். புத்தகத்தைப் பார்த்துப் பார்த்து முதலிலிருந்து தட்டச்சு செய்தார், பாவம்.

கரையான் தின்ற அந்தத் தொகுப்பை நான் போன ஆண்டு மறுபடியும் கொண்டுவந்தேன். இந்த முறை 40 பிரதி, எண் என் பெயரில். 5 தேசிய நூலகத்துக்குப் போனது, 31 விற்றது, 4 மேசைமேல் இருக்கிறது. 61ஆம் பக்கத்தில் ஒரு ஒற்று விட்டுப்போயிருப்பதாக மாணவி ஒருத்தி காட்டினாள். கோப்பில் திருத்திவிட்டேன். அடுத்து வாங்குகிறவருக்கு அந்த ஒற்று இருக்கும்.