பண்டை அதென்சில் அந்நியர்க்கு இல்லம்

பிறநாடு சென்று வாழ்வோன் முதற்கண் நாடுவது தலைசாய்க்க ஓரிடமேயாம். அவ்விடத்தைக் குடிக்கூலிக்குப் பெறுதல் ஒன்று. தன்னதென உரிமையாக்கிக் கொள்ளுதல் வேறொன்று. அந்நியனை ஒரு நாடு எங்ஙனம் மதிக்கின்றது என்பதை இவ்விரண்டிற்கும் இடையேயுள்ள தூரம் நமக்குக் காட்டும். குடியாட்சியின் பிறப்பிடமெனப் போற்றப்படும் அதென்சு நகரின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

கி. மு. 5ஆம், 4ஆம் நூற்றாண்டுகளில் வணிகமுங் கைத்தொழிலுங் கருதிப் பிறநகரத்தார் பலர் அதென்சிலும் அதன் துறைமுகமாகிய பைரேயசிலும் குடியேறினர். இவர் ‘மெத்தோய்கர்’ எனப்பட்டனர். பிரசை ஒருவனைத் தமக்குப் பொறுப்பாளனாகக் கொள்ளுதல் இவர் கடன். ஆடவன் ஆண்டுக்கு 12 திராக்மாவும், தனித்து வாழும் பெண் 6 திராக்மாவும் வரியாக இறுத்தல் வேண்டும். இறுக்கத் தவறியவன் அடிமையாக விற்கப்படுதலும் உண்டு. போர் மூண்டபோது இவரும் படையிற் சேர்ந்து பொருதனர். எனினும், அந்நகரில் ஒரு சாண் காணியையேனும் ஒரு வீட்டையேனும் வாங்கும் உரிமை இவர்க்கில்லை. கி. மு. 451இல் பெரிக்கிளீசு கொணர்ந்த சட்டத்தின்படி, தாய் தந்தையர் இருவரும் பிரசைகளாயிருந்தாலன்றிப் பிள்ளைக்குப் பிரசாவுரிமை கிட்டாது. ஆகவே, அதென்சிற் பிறந்த அந்நியரின் மக்களும் அந்நியராகவே வளர்ந்தனர்.

வீடு வாங்க இயலாதோர் வாடகைக்கே குடியிருந்தனர். பலர் பகுத்துக்கொண்டு குடிக்கூலிக்கு வாழும் பெருமனைகள் ‘சினோய்க்கியா’ என வழங்கப்பட்டன. பைரேயசில் இத்தகைய மனையுடைய பிரசைகள் நல்ல வருவாய் பெற்றனர். இத்தடை வீட்டுவாயிலோடு நின்றுவிடவில்லை. காணியை ஈடாகக் கொண்டு கடன் கொடுத்தலும் அந்நியனுக்கு அரிதாயிற்று. கடன் தீராவிடத்து அவ்வீட்டைத் தனதாக்கும் உரிமை அவனுக்கில்லையன்றோ? பாசியோன் என்பானின் வட்டிக்கடையைக் குத்தகைக்கு எடுத்த போர்மியோன், பிரசாவுரிமை பெறுமுன்னர், இவ்விடர்ப்பாட்டையே எதிர்நோக்கினான்.

இக்கட்டுப்பாட்டின் காரணம் யாது? மண்ணுரிமையையும் ஆட்சியுரிமையையும் அதென்சார் பிரித்து நோக்கவில்லை. நிலமுடையவனே நகரின் பங்காளி என்பது அவர்தங் கொள்கை. எனவே, அந்நியன் ஒருவனுக்கு நிலமும் வீடும் உரிமையாதல் வேண்டுமாயின், மக்கள் பேரவை தனித்தீர்மானம் இயற்றி அதனை ஒரு சிறப்பாக அளித்தல் வேண்டும்.

இந்நிலையின் குறையை உணர்ந்தோரும் இலராகார். நாடு கடத்தப்பட்டுப் பல்லாண்டு பிறவிடத்து வாழ்ந்த செனபோன், கி. மு. 355ஐ அடுத்து எழுதிய நூலில், நகர மதிலினுள் வெறுமையாய்க் கிடக்கும் மனைநிலங்களிலே தகுதியுடைய அந்நியர் வீடு கட்டிக்கொள்ள உரிமை வழங்குதல் நலமென எடுத்துரைத்தார். கி. மு. 333ஆம் ஆண்டளவில், சைப்பிரசுத் தீவின் கித்தியோன் நகர வணிகர் தம் தெய்வத்துக்குக் கோயிலெடுக்க நிலம் வாங்கும் உரிமை வேண்டினர். லைக்கேர்கசு பிரேரித்தவாறு பேரவை அதற்கு இசைந்தது. எகிப்தியர் ஐசிசு தேவிக்குக் கோயிலெடுத்தமை இதற்கு முன்மாதிரியாகக் கூறப்பட்டது.

அரிஸ்டோட்டிலின் வாழ்க்கை இவ்வுண்மையை மேலும் விளக்கும். ஸ்தகீராவிற் பிறந்த அப்பேரறிஞர் இருமுறையாக 30 ஆண்டுகளுக்கு மேல் அதென்சில் வாழ்ந்தார், கி. மு. 335 முதல் இலைசியச் சோலையிற் கற்பித்தார். அச்சோலை பொதுநிலம்; அவருடையதன்று. அலெக்சாந்தர் இறந்தபின் பகைமை சூழவே, தாயின் ஊராகிய கால்சிசுக்கு நீங்கி, கி. மு. 322இல் அங்கேயே உயிர்நீத்தார். அவரது மரணசாதனத்திற் கூறப்படும் வீடுகள் கால்சிசிலும் ஸ்தகீராவிலும் உள்ளனவே. அதென்சில் ஒன்றேனும் குறிக்கப்படவில்லை. அவர் மாணவரும் அந்நியருமாகிய தியோபிராஸ்தசு, பலேரோன் ஊர்த் தெமேத்திரியசின் உதவியால் அதென்சில் ஒரு தோட்டத்தைத் தமதாகப் பெற்றார். தம் மரணசாதனத்தில் அத்தோட்டத்தையும் அதனை அடுத்த வீடுகளையும், கூடிக் கற்கும் நண்பர்க்குப் பொதுவாக விட்டுச் சென்றார்.

அந்நியரின் உழைப்பையும் வரியையும் அறிவையும் அதென்சு உவந்து ஏற்றது. அவர்தம் வீட்டின் அடிநிலத்தை மாத்திரம் தானே வைத்துக்கொண்டது. கதவைத் திறந்து வரவேற்றல் விருந்தோம்பல். வந்தவன் தன் மக்களுக்கு விட்டுச் செல்ல ஒரு மனையை உரிமையாக்குதலோ நீதி. முன்னதில் அதென்சு குறைவின்றி விளங்கியது. பின்னதை அரிய பரிசாகவே வழங்கியது. அந்நியரோடு வாழும் எந்நாட்டாரும் இவ்வேறுபாட்டைச் சிந்தித்தல் தகும்.