வலகடியனும் சிறுநீரகமும்

காரைக்கால் கரையோரக் கடலில் வலையை இழுக்கும்போது மீனோடு சேர்ந்து சில சமயம் கடல்பாம்பும் ஏறிவரும். அவற்றில் மிகக் கொடியது வலகடியன். இதன் நஞ்சு தசையைச் சிதைக்கிறது. சிதைந்த தசை சிறுநீரகத்தை முடக்குகிறது.

இந்தப் பாம்பு அறிவியலில் இடம்பிடித்ததும் இதே கரையிலிருந்துதான். சோழமண்டலக் கரைப் பாம்புகளை ஆராய்ந்த பேட்ரிக் ரசல், மீனவர் வழக்கிலிருந்த பெயரையே தம் நூலில் எழுதிவைத்தார். 1803இல் பிரெஞ்சு அறிஞர் டோடின் அதற்கு அறிவியல் பெயர் சூட்டினார். அதன் மூல இடமாகக் குறிக்கப்படுவது தரங்கம்பாடி. அது அப்போது டேனியர் ஊர்; 1739இல் பிரெஞ்சுக்காரர் வசமான காரைக்காலுக்குச் சற்று வடக்கே இருப்பது. ஆட்சிக் கொடிகள் வேறாயினும் காரைக்காலின் கிளிஞ்சல்மேடு, பட்டினச்சேரி மீனவர்களுக்குக் கடல் ஒன்றே, பாம்பும் ஒன்றே.

பெயர் தெரிந்தும் கடி கொல்லும் விதம் நெடுங்காலம் விளங்கவில்லை. நாகத்தின் நஞ்சைப் போல இதுவும் நரம்பைத் தாக்குவதாகவே கருதப்பட்டது. விளக்கத்துக்கான தடயம் வேறோரிடத்தில் கிடைத்தது: 1941இல் லண்டன் குண்டுவீச்சில் இடிபாடுகளுக்குள் தசை நசுங்கியவர்கள், மீட்கப்பட்ட பிறகும் சிறுநீரகம் பழுதாகி இறப்பதை மருத்துவர்கள் பைவாட்டர்ஸும் பீலும் பதிவுசெய்தனர். கடல்பாம்புக் கடியிலும் தசைச் சிதைவே மையம் என்பதைக் காட்டியவர் பினாங்கு மருத்துவர் அலிஸ்டர் ரீட். கடிபட்ட மீனவர்களின் சிறுநீரில் தசைப்புரதம் கலந்திருப்பதை அவர் 1961இல் எழுதினார். பாம்புக்கடி மருத்துவத்தின் மிக முக்கியமான கண்டுபிடிப்புகளில் இதுவும் ஒன்று.

கடித்த இடம் பெரும்பாலும் வலிக்காது, வீங்காது. முள் குத்தியதென்று எண்ணி வேலையைத் தொடர்வதும் உண்டு. அரை மணி முதல் சில மணி நேரத்துக்குள் கழுத்து, தொடை, முதுகு எல்லாம் வலியெடுத்து இறுகும். தாடை திறக்க வராது. பிறகு சிறுநீர் கறுத்த தேயிலைச் சாயம்போல் இறங்கும். உடைந்த தசையிலிருந்து வரும் மயோகுளோபின் என்ற தசைப்புரதம் சிறுநீரகத்தின் நுண்குழாய்களை அடைத்து நச்சாகிறது. தசையிலிருந்து கசியும் பொட்டாசியமோ அதற்கு முன்பே இதயத்தை நிறுத்திவிடக்கூடும். எல்லாக் கடியிலும் நஞ்சு இறங்குவதில்லை. இறங்கியதா என்பது சில மணி நேரம் கழித்தே தெரியும்.

இந்தியாவில் கிடைக்கும் பாம்புக்கடி மருந்து நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்குக்கே உரியது. கடல்பாம்புக்கான மாற்றுமருந்து ஆஸ்திரேலியாவில் தயாராகிறது. வலகடியனின் நஞ்சைக் கொண்டே அது செய்யப்படுகிறது. நம் கரையில் கடிபட்டவருக்கு சிரைவழி உப்புநீர், பொட்டாசியக் கண்காணிப்பு, தேவையானால் டயாலிசிஸ், மூச்சுக்கருவி ஆகியவையே துணை. கடலில் கடிபட்டவர், வலி இல்லாவிட்டாலும், சிறுநீர் நிறம் மாறும்வரை காத்திராமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.