மறைப்பு ஒட்டுநாடா

மறைப்பு ஒட்டுநாடா என்பது, ஒரு பொருளின் மேல் வண்ணம் தெளிக்கும்போது வண்ணம் படக்கூடாத பகுதிகளைத் தற்காலிகமாக மூடி வைப்பதற்குப் பயன்படும், பசை பூசிய நாடா ஆகும். பட்டறை வழக்கில் இது மாஸ்கிங் டேப் என்றும், சுருக்கமாக டேப் என்றும் அழைக்கப்படுகின்றது. வண்ணம் தெளித்து முடியும்வரை இது விலகாமல் ஒட்டியிருக்க வேண்டும். பின்னர் அடியிலுள்ள பழைய வண்ணத்தைப் பெயர்க்காமலும் பசைத் தடம் விடாமலும் உரிந்து வரவேண்டும். ஒன்றுக்கொன்று முரணான இவ்விரு தேவைகளையும் நிறைவு செய்வதற்காக, இதன் பசை திட்டமிட்டே வலிமை குறைந்ததாக ஆக்கப்படுகின்றது. எனவே நாடாவின் தரத்தைப் போலவே, அது எப்பொழுது, எந்த வெப்பநிலையில் உரிக்கப்படுகின்றது என்பதும் வேலையின் தரத்தைத் தீர்மானிக்கின்றது.

தேவை

தெளிப்புத் துப்பாக்கி, அழுத்தப்பட்ட காற்றின் உதவியால் வண்ணத்தை நுண்துளிகளாகச் சிதறச் செய்கின்றது. வழக்கமான உயர் அழுத்தத் துப்பாக்கிகளில், வெளியேறும் வண்ணத்தில் பாதிக்கும் குறைவான பங்கே இலக்கின் மேல் படிகின்றது. எஞ்சியது புகைபோலப் பரவி, அருகிலுள்ள கண்ணாடி, விளக்கு, சக்கரம், இருக்கை முதலியவற்றில் படிகின்றது. தூரிகையால் பூசும்போது கைத்திறனால் ஓரங்களைக் காக்க இயலும். தெளிப்பு முறையில் அது இயலாது என்பதால், மறைத்தல் தனியொரு வேலைப் படியாகவே அமைந்துள்ளது. ஒரு வாகனத்துக்கு வண்ணம் தெளிக்க ஆகும் நேரத்தைவிட, பட்டி போட்டுத் தேய்க்கவும், தாளும் நாடாவும் ஒட்டவும் ஆகும் நேரமே பெரும்பாலும் மிகுதி.

வரலாறு

1920களில் விரைவில் உலரும் நைட்ரோசெல்லுலோசு வண்ணங்கள் புழக்கத்துக்கு வந்தபின், அமெரிக்காவில் இரு வண்ண மகிழுந்துகள் பெரிதும் விரும்பப்பட்டன. இரண்டு வண்ணங்கள் சந்திக்கும் கோட்டை நேராக அமைப்பது அன்றைய வண்ணப் பணியாளர்களுக்குக் கடினமாக இருந்தது. செய்தித்தாள், பசை, மருத்துவ ஒட்டுநாடா ஆகியவற்றை அவர்கள் பயன்படுத்தினர். அவற்றை உரிக்கும்போது புதிய வண்ணமும் சேர்ந்து பெயர்ந்து வந்ததால், செய்த வேலையை மீண்டும் செய்ய வேண்டியிருந்தது.

மினசோட்டா மாநிலத்தின் செயின்ட் பால் நகரில் இயங்கிய 3எம் நிறுவனம், அக்காலத்தில் உப்புத்தாள் தயாரித்து வந்தது. அதன் ஊழியரான ரிச்சர்டு ட்ரூ (1899–1980), உப்புத்தாளைச் சோதனைக்காக மகிழுந்துப் பட்டறைகளுக்குக் கொண்டு சென்றபோது இச்சிக்கலைக் கண்டார். பல சோதனைகளுக்குப் பின், 1925 ஆம் ஆண்டில், சுருக்கமிட்ட தாளில் மென்மையான பசை பூசிய நாடாவை உருவாக்கினார். இதுவே இன்றைய மறைப்பு நாடாவின் முன்னோடி ஆகும். 1930 ஆம் ஆண்டில் வெளிவந்த ஒளிபுகும் செலோபேன் ஒட்டுநாடாவும் இவருடைய படைப்பே.

வலிமை குறைந்த பசையும் பயனுடையதே என்பதற்கு அதே நிறுவனத்தில் பின்னர் மற்றொரு சான்று கிடைத்தது. 1968 ஆம் ஆண்டில் இசுபென்சர் சில்வர் கண்டறிந்த நுண்கோள அக்ரிலேட்டுப் பசை, பலமுறை ஒட்டி எடுக்கத்தக்கதாக இருந்தது. 1980 ஆம் ஆண்டில் அமெரிக்கா முழுதும் விற்பனைக்கு வந்த போசுட்டு-இட் குறிப்புத்தாள்கள் இதன் அடிப்படையில் அமைந்தவை.

அமைப்பு

மறைப்பு நாடா பல அடுக்குகளைக் கொண்டது.

* தாங்கு தாள்: நுண்சுருக்கங்கள் இடப்பட்ட தாள். சுருக்கங்கள் விரிந்து கொடுப்பதால் நாடாவை வளைவுகளில் திருப்பி ஒட்ட இயலும். உரிக்கும்போது தாள் இரண்டாகப் பிளவுறாமலிருக்க, அதில் இரப்பர் பால்மம் அல்லது செயற்கைப் பால்மம் ஊற வைக்கப்படுகின்றது.
* பசை: பொதுவகை நாடாக்களில் இரப்பரும், ஒட்டுந்தன்மை தரும் பிசினும் கலந்தது. கேரளத்திலும் தமிழ்நாட்டின் கன்னியாகுமரி மாவட்டத்திலும் பயிராகும் இயற்கை இரப்பர் இதற்கு ஏற்ற மூலப்பொருள் ஆகும். பைன் மரப் பிசின் அல்லது பெட்ரோலியப் பிசின் இதனுடன் சேர்க்கப்படுகின்றது.
* விடுவிப்புப் பூச்சு: தாளின் மறுபுறத்தில் இடப்படும் மெல்லிய பூச்சு. இது இல்லையெனில் சுருளிலிருந்து நாடாவைப் பிரிக்க இயலாது.

கடைகளில் அரை அங்குலம், முக்கால் அங்குலம், ஓர் அங்குலம், இரண்டு அங்குலம் ஆகிய அகலங்களில் இது சுருள்களாகக் கிடைக்கின்றது.

செயல்படும் விதம்

மறைப்பு நாடாவின் பசை, அழுத்தத்தால் ஒட்டும் வகையைச் சேர்ந்தது. கோந்து, எப்பாக்சி முதலியவை உலர்ந்தோ வேதிவினையால் இறுகியோ ஒட்டுகின்றன. அழுத்த ஒட்டுப்பசையோ எப்பொழுதும் பாகுத்தன்மையும் மீள்தன்மையும் ஒருங்கே கொண்ட மென்திண்மமாகவே இருக்கின்றது. விரலால் அழுத்தும்போது அது பரப்பின் நுண்பள்ளங்களுக்குள் பாய்ந்து படிகின்றது. இவ்வாறு படிவதற்கு, பசையின் விறைப்பு ஏறத்தாழ 3 இலட்சம் பாசுக்கலுக்குக் குறைவாக இருக்க வேண்டும். இது டால்கிஸ்ட் அளவுகோல் எனப்படுகின்றது.

உரிக்கும்போது இரண்டில் ஒன்று நிகழ்கின்றது. பசை பரப்பைவிட்டு முழுதாக விலகினால் பரப்பு தூய்மையாகின்றது. பசை தனக்குள்ளேயே அறுந்தால், ஒரு பகுதி பரப்பில் தங்கிவிடுகின்றது. வெப்பம் மிகும்போது இரப்பர்ப் பசை இளகி அதன் உள்வலிமை குறைவதால், இரண்டாவது நிலை ஏற்படுகின்றது. நாடா நெடுநேரம் ஒட்டியிருந்தாலும் பசை மேன்மேலும் பாய்ந்து பிடிப்பு கூடுகின்றது. சூரிய ஒளியிலுள்ள புறவூதாக் கதிர்கள் இரப்பரைச் சிதைத்துப் பசையைப் பரப்போடு இறுகச் செய்கின்றன. மேலும், உரிக்கும் வேகம் கூடினால் உரிப்பதற்குத் தேவையான விசையும் பொதுவாகக் கூடுகின்றது. மெதுவாக உரிக்க வேண்டும் என்ற பட்டறை அறிவுரையின் காரணம் இதுவே.

வகைகள்

* பொது வகை: இரப்பர்ப் பசையும் வெளிர்மஞ்சள் தாளும் கொண்டது. ஏறத்தாழ 60 °செ வரை, குறுகிய நேரப் பயன்பாட்டுக்கு ஏற்றது.
* வாகன வகை: சூடேற்றி உலர்த்தும் அறைகளில் பயன்படுவது. தயாரிப்புக்கேற்ப 80 முதல் 120 °செ வரை சுமார் அரைமணி நேரம் தாங்கும்.
* அக்ரிலிக் பசை வகை: புறவூதாக் கதிர்களைத் தாங்குவதால் சுவர், சன்னல் வேலைகளில் சில நாட்கள் விட்டுவைக்கலாம். பெரும்பாலும் நீல நிறத்தில் கிடைக்கின்றது.
* வாசித் தாள் வகை: சப்பானிய மெல்லிய தாளால் ஆனது. மிகக் கூர்மையான கோடுகளுக்கு ஏற்றது.
* பாலியெசுட்டர்ப் படல வகை: சிலிக்கோன் பசை கொண்டது. 180–200 °செ வெப்பத்தில் உருக்கி இறுகச் செய்யும் பொடிப்பூச்சுக்கு இதுவே தேவை. தாள் நாடா அவ்வெப்பத்தில் கருகிவிடும்.

பிற தற்காலிக மறைப்புகள்

பெரிய பரப்புகளை நாடாவால் மட்டும் மூடுவது செலவு மிக்கது. எனவே செய்தித்தாளையோ பழுப்புத் தாளையோ விரித்து, ஓரங்களை மட்டும் நாடாவால் ஒட்டுவர். செய்தித்தாள் மலிவானது, எனினும் தின்னர் பட்டால் அச்சுமை இளகி அடிப்பரப்பில் படியக்கூடும் என்பதால், பழைய வண்ணத்தின் மேல் இரண்டு அடுக்காக இடுவது நன்று. நட்டு, மரை, இரப்பர்ப் பட்டை முதலியவற்றில் கிரீசு தடவி வைப்பதும் உண்டு. இதில் ஓர் இடர் உள்ளது. கிரீசு சிறிதளவேனும் வண்ணம் பூச வேண்டிய இடத்தில் பட்டால் அங்கு வண்ணம் பிடிக்காது. எழுத்து வெட்டிய அச்சுத் தகடுகளை நிறுத்தி வைக்க, மறுபடி எடுத்து ஒட்டத்தக்க தெளிப்புப் பசைகள் பயன்படுகின்றன. உலர்ந்தபின் தோல்போல் உரியும் நீர்ம மறைப்புகளும் உள்ளன.

திண்டுக்கல் பகுதியில் பயன்பாடு

திண்டுக்கல் நகரம், தேசிய நெடுஞ்சாலைகள் 44, 83 ஆகியவை சந்திக்கும் இடத்தில் அமைந்துள்ளது. வடக்கே பேருந்துக்குப் பாடி கட்டும் தொழிலுக்குக் கரூரும், சரக்குந்துக்குப் பாடி கட்டும் தொழிலுக்கு நாமக்கல்லும் பெயர்பெற்றவை. புதிய வண்டிகளின் வேலை பெரும்பாலும் அவ்வூர்களில் நடைபெற, திண்டுக்கல் போன்ற ஊர்களின் பட்டறைகளில் டிங்கர் வேலையும் மறுவண்ணமும் முதன்மை பெறுகின்றன. மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, 8 ஆண்டுகள் வரையான போக்குவரத்து வண்டிகளுக்கு 2 ஆண்டுகளுக்கு ஒருமுறையும், அதற்கு மேற்பட்டவற்றுக்கு ஆண்டுதோறும் தகுதிச் சான்று பெறவேண்டும். எஃப்.சி. வேலை என்று அழைக்கப்படும் இதற்கு முன் வண்டிக்கு வண்ணம் பூசுவது வழக்கம்.

இவ்வேலையில் கீழ்க்கண்டவற்றை மறைப்பது இன்றியமையாதது.

* ஒளி எதிரொளிப்பு நாடாக்கள்: சரக்குந்தின் முன்புறம் வெள்ளை, பக்கங்களில் மஞ்சள், பின்புறம் சிவப்பு என ஒட்டப்படுபவை. இவற்றின் மேல் வண்ணப்புகை படிந்தால், பகலில் வேறுபாடு தெரியாது. இரவில் ஒளியைத் திருப்பாது. சாலையோரம் நிற்கும் வண்டி பின்னால் வருபவருக்குத் தெரியாமல் போகும்.
* உயர் பாதுகாப்பு எண் தகடு: 2019 ஏப்ரல் 1 முதல் தயாரிக்கப்பட்ட வண்டிகளில் இது கட்டாயம். இதன் பூட்டு ஆணிகள் கழற்றினால் மறுபடி பயன்படா. முன்போல் தகட்டைக் கழற்றி வைத்துவிட்டு வண்ணம் தெளிக்க இயலாததால், அதை மறைத்தே ஆகவேண்டும்.
* அடிச்சட்ட எண்: தடித்த வண்ணம் எண்களின் பள்ளத்தை நிரப்பிவிட்டால் ஆய்வின்போது படிக்க இயலாது.
* விளக்குகள், கண்ணாடிகள், காற்றுத்தடைக் குழாய்கள்.

பூட்டு, இரும்புப் பெட்டகம் ஆகியவற்றின் தயாரிப்புக்கும் திண்டுக்கல் பெயர்பெற்றது. திண்டுக்கல் பூட்டுக்கு 2019 ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. இரும்புப் பெட்டகங்களுக்கு வண்ணம் தெளிக்கும்போது கைப்பிடி, பித்தளைத் தகடு, சாவித்துளை ஆகியவை மறைக்கப்பட வேண்டும். சாவித்துளை வழியே வண்ணம் உட்புகுந்து உலர்ந்தால், உள்ளே அசையவேண்டிய நெம்புகள் சிக்கிக்கொள்ளும்.

சமவெளியின் வெப்பம் இங்கு ஒரு முக்கியக் காரணி ஆகும். ஏப்ரல், மே மாதங்களில் பகல் வெப்பநிலை 38 °செ-ஐ ஒட்டிச் செல்வது வழக்கம். வெயிலில் நிற்கும் அடர்நிற இரும்புத் தகட்டின் வெப்பநிலையோ 60 °செ-ஐத் தாண்டக்கூடும். இது பொதுவகை நாடாவின் எல்லையாகும். திறந்தவெளியில் அல்லது தகரக் கொட்டகையில் நாடா ஒட்டிய வண்டியை ஒருநாள் முழுதும் விட்டுவைத்தால், தாள் மட்டும் கையோடு வர, பசை வண்டியிலேயே தங்குவது இதனால்தான். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் சிக்கல் வேறுவகையானது. ஈரம் படிந்த தகட்டில் நாடா முதலிலேயே பிடிப்பதில்லை.

பயன்படுத்தும் முறை

1. பரப்பிலுள்ள தூசு, எண்ணெய், மெழுகு ஆகியவற்றைத் துடைத்து நன்கு உலரவிட வேண்டும்.
2. நாடாவை இழுத்து நீட்டாமல் ஒட்டவேண்டும். நீட்டி ஒட்டிய நாடா சுருங்கி ஓரத்தில் விலகும்.
3. வண்ணம் சேரும் ஓரத்தை மட்டும் விரல் நுனியால் அழுத்தித் தேய்க்க வேண்டும்.
4. முதல் தெளிப்பு மெல்லியதாகவும், நாடாவிலிருந்து வெளிநோக்கியும் இருக்கவேண்டும். நாடாவின் ஓரத்தை நோக்கித் தெளித்தால் வண்ணம் அடியில் புகும்.
5. வண்ணம் கையில் ஒட்டாத நிலைக்கு வந்ததும், ஆனால் முழுதும் இறுகுமுன், நாடாவை உரிக்க வேண்டும். முழுதும் இறுகிய வண்ணம் நாடாவோடு சேர்ந்து செதில்களாகப் பெயரும்.
6. நாடாவைப் பின்னோக்கி மடித்து, வண்ணப் பகுதியிலிருந்து விலகும் திசையில் மெதுவாக இழுக்க வேண்டும். வண்டி வெயிலில் இருந்தால் நிழலுக்குக் கொண்டுவந்து, தகடு குளிர்ந்தபின் உரிப்பது நன்று.

பசைத் தடம் தங்கிவிட்டால், மண்ணெண்ணெய் நனைத்த துணியால் மென்மையாகத் துடைத்து, பின்னர் சோப்பு நீரால் கழுவலாம். தின்னர் பயன்படுத்தினால் பசையோடு புதிய வண்ணமும் கரைந்துவிடும். தடத்தின் மேல் புதிய நாடாத் துண்டை ஒட்டி, வெடுக்கென்று பலமுறை எடுப்பதும் பயன்தரும்.

பாதுகாப்பு

மறைப்பு நாடா பொருளைக் காக்கின்றதேயன்றி, தெளிப்பவரைக் காப்பதில்லை. முகத்தில் கட்டும் கைக்குட்டை தின்னரின் ஆவியைத் தடுக்காது. பி.யு. எனப்படும் இருகூறு பாலியூரித்தேன் வண்ணங்களின் இறுக்கியில் ஐசோசயனேட்டுகள் உள்ளன. இவை தொழில்வழி ஆசுத்துமாவை உண்டாக்கும் முக்கியக் காரணிகளில் ஒன்று. ஒருமுறை ஒவ்வாமை ஏற்பட்டவருக்குப் பின்னர் மிகச் சிறிய அளவும் தீங்கு விளைவிக்கும். சாதாரண வண்ணங்களுக்குக் கரிம ஆவியை உறிஞ்சும் வடிகலன் பொருத்திய முகமூடியும், ஐசோசயனேட்டு வண்ணங்களுக்கு வெளியிலிருந்து தூய காற்று செலுத்தும் முகமூடியும் பரிந்துரைக்கப்படுகின்றன. வண்ணமும் தின்னரும் ஊறிய தாள், நாடா ஆகியவை எளிதில் தீப்பற்றும் என்பதால், அவற்றைப் பட்டறைக்குள் குவித்து வைக்கலாகாது.

இவற்றையும் பார்க்கவும்

* ஒட்டுப்பசை
* இயற்கை இரப்பர்
* பொடிப்பூச்சு
* திண்டுக்கல் பூட்டு